கடலடிக் குன்றில் முதன்முதலாக இறங்கப் போகிறவர்களுக்கு

சந்தையில் விளைமீனையும் ஒட்டியையும் பார்த்தவுடனே பேர் சொல்லுகிற எங்கள் யாழ்ப்பாணத்துச் சனத்தில், அந்த மீன் கடலுக்குள் உயிரோடு எப்படித் திரிகிறது என்று பார்த்தவர்கள் மிகக் குறைவு. பார்க்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி, கடலுக்குள் தனியாக எழும்பி நிற்கும் ஒரு குன்றைச் சுற்றி வருவதுதான் இலக்கு. அங்கே போய்ச் சேருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் பல. அவற்றை ஒழுங்கு முறையில் சொல்கிறேன்.

முதலில் இடம். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அது தட்டையாகவே கடலுக்குள்ளும் போகிறது. பாக்கு விரிகுடாப் பக்கம் பெரும்பாலும் 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. ஆகவே எங்கள் கரையில் முருகைக்கல் உண்டு, கடற்புல் உண்டு, உயர்ந்த குன்று கிடையாது. அதற்குத் திருகோணமலைக்குப் போக வேண்டும். அங்கே பாறை கடினமானது, கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே கடல் கிடுகிடுவென ஆழமாகிறது, துறைமுகத்துக்கு வெளியே பெரிய கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றும் இருக்கிறது. ஏ9 வீதியால் வவுனியா போய், ஹொரவப்பொத்தானை ஊடாகப் போகலாம். பஸ்ஸில் ஏறினால் அரைநாள் பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை மட்டும் ஊரிலேயே தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும்.

ஊரில் செய்ய வேண்டியது

நீந்தத் தெரியாதவர் சிலிண்டர் கட்டக்கூடாது. உலகெங்கும் நடக்கும் தொடக்கநிலைப் பயிற்சிகளில் கேட்பது இவ்வளவுதான்: 200 மீற்றர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் ஒன்றையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் பார்ப்பதில்லை. காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் வெகுதூரத்துக்கு இடுப்பளவு தண்ணீர்தான். காற்றில்லாத காலையில் கரைக்கு இணையாக நீந்திப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது. தனியே போகாதீர்கள். ஆழத்துக்கு முகத்தைத் திருப்பாமல், கரை எப்போதும் ஒரு கைப்பக்கம் இருக்கும்படி நீந்துங்கள்.

அது கைவந்ததும் ஒரு முகமூடியும் சுவாசக் குழாயும் வாங்கி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி வாயால் மூச்சு விடப் பழகுங்கள். முகமூடியை வாங்கும்போது பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல இழுத்துப் பாருங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விலையைப் பார்த்து வாங்குகிற பொருள் அல்ல அது. மற்ற உபகரணம் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுக்கலாம், முகமூடி மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

அடுத்தது உடம்பு. ஆஸ்த்மா, வலிப்பு, இருதய நோய், காதுச் சத்திரசிகிச்சை, நீரிழிவு இவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சிக்குக் காசு கட்டுவதற்கு முன்னமே வைத்தியரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. பயிற்சி நிலையத்தில் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு போட்டுவிட்டுக் கெதியாக இறங்க நினைப்பவர்களைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலை. அந்தப் படிவம் உங்களைத் தடுக்க அல்ல, 18 மீற்றர் ஆழத்தில் மூச்சு இழுக்காமல் போகும் நிலை வராதிருக்கத்தான்.

மூச்சை அடக்காதீர்கள்

கிணற்றிலும் கேணியிலும் முக்குளித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கும்: தண்ணீருக்குள் போனால் மூச்சை அடக்குவது. சங்கு குளிப்பவர்களும் முத்துக் குளித்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள், அவர்களுக்கு அது சரி. மேலே இழுத்த காற்றைத்தான் அவர்கள் கீழே கொண்டு போகிறார்கள். ஆழத்தில் அது சுருங்குகிறது, மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அதற்கு மேல் விரியாது.

சிலிண்டர்க் காற்றின் கதை வேறு. அதை நீங்கள் ஆழத்தில் வைத்து, ஆழத்தின் அழுத்தத்தில் இழுக்கிறீர்கள். மேற்பரப்பில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொரு பார் ஏறும். 10 மீற்றரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, அடக்கியபடி மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். நுரையீரலுக்கு அந்த இடம் இல்லை. முழு மூச்சோடு ஒன்றரை மீற்றர் உயர்ந்தாலே நுரையீரல் கிழியக்கூடும். ஆகவே சிலிண்டரோடு இறங்குபவருக்கு முதல் விதி, கடைசி விதி எல்லாம் இதுதான்: இடைவிடாமல் மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். சிலிண்டர்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேற்றர் வாயிலிருந்து கழன்று போனாலும், அதைத் தேடிப் பிடிக்கும்வரை உதட்டால் சிறுசிறு குமிழியாகக் காற்றை விட்டுக்கொண்டிருங்கள்.

நன்றாக முக்குளிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தண்ணீர்ப் பயம் இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பழக்கம் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

பயிற்சியும் நிலையமும்

பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) போன்ற பயிற்சி அமைப்புகளின் தொடக்கநிலைச் சான்றிதழ் எடுக்க மூன்று நான்கு நாள் வேண்டும். பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு இறக்கம். அது முடிந்ததும் 18 மீற்றர்வரை துணையோடு இறங்கலாம். அடுத்த நிலைக்கு 30 மீற்றர். சான்றிதழ் இல்லாமல் பயிற்சியாளரின் கைப்பிடியில் ஒருநாள் இறங்கிப் பார்க்கவும் வழி உண்டு, அதற்கு எல்லை 12 மீற்றர். இந்த ஒருநாள் இறக்கத்தில் குன்றுக்குக் கொண்டு போகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நீரோட்டம் உள்ள இடத்தில் உங்கள் உடம்பை நீங்களே ஆளத் தெரிந்திருக்க வேண்டும்.

நிலையத்துக்குப் போனால் கேட்க வேண்டியவை சில. படகில் ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறதா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் புதியவருக்கு அதிகம். சிலிண்டரின் தோளில் பரிசோதனைத் திகதி பொறித்திருப்பார்கள், அது ஐந்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். ரெகுலேற்றரை வாயில் வைத்து இரண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். காற்றில் எண்ணெய் மணமோ புகை மணமோ இருந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடாதீர்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் இறங்க வேண்டாம்.

எந்தக் காலம்

கிழக்குக் கரைக்கு ஏற்ற காலம் சித்திரை வைகாசியிலிருந்து புரட்டாதிவரை. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் அந்த மாதங்களில் தென்மேற்குக் கரை கொந்தளிக்கும், பாக்கு நீரிணையிலும் காற்று பலமாக இருக்கும், ஆனால் மலைநாடும் நிலமும் மறைப்பதால் திருகோணமலைக் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடை தொடங்கி மழையும் வந்தால் ஆற்றுநீர் கலந்து கடல் கலங்கிவிடும். தை மாதத்தில் லீவு கிடைத்தது என்பதற்காக வெளிநாட்டிலிருந்து வந்து இறங்க நினைக்கும் சொந்தங்களுக்கு நான் சொல்வது, அந்த முறை ஊரில் நீச்சல் பழகிவிட்டு, ஆடி ஆவணியில் திரும்ப வாருங்கள்.

தண்ணீர் 27 முதல் 30 பாகை வரை சூடாகத்தான் இருக்கும். 3 மில்லிமீற்றர் தடிப்பான வெற்சூட் போதும். குளிரைவிட, சொறிமுட்டையிலிருந்தும் பாறை உரசலிலிருந்தும் அது காப்பாற்றும்.

முதல் இறக்கம் எங்கே

சான்றிதழ் கிடைத்த உடனே குன்றுக்கு ஓடாதீர்கள். நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஆழம் குறைந்த அந்த முருகைக்கல் தோட்டத்தில் கருமுனைச் சுறாக்கள் திரிவதைக் காணலாம். மனிதரைக் கண்டால் விலகிப் போகிற சிறிய சுறாக்கள் அவை. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை உட்படத் தெற்கு, மேற்குக் கரைகளின் முருகைக்கற்கள் வெளிறி இறந்தபோது திருகோணமலைப் பக்கம் பெருமளவு தப்பியது. அப்படித் தப்பியதைத்தான் இப்போது சுற்றுலா வருபவர்கள் காலால் மிதித்து உடைக்கிறார்கள். அங்கே இரண்டு மூன்று தரம் இறங்கி, ஒன்றையும் தொடாமல், கையை ஆட்டாமல், ஒரே மட்டத்தில் மிதந்து நிற்கப் பழகுங்கள். அது வந்த பிறகு குன்று.

கோணேசர் மலைக்கு அடியிலும் இறங்குவார்கள். போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பழைய கோயிலின் தூண்களும் கற்களும் அந்தப் பாறைகளுக்கு இடையே கிடக்கின்றன. 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு கடலில் இறங்கிய மைக் வில்சனும் அவற்றைப் பார்த்து வெளியே சொன்னார்கள். அங்கே இறங்கினால் ஒரு சிறு கல்லையும் எடுக்கக்கூடாது. தொல்பொருட் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது எங்கள் கோயில்.

குன்றில் இறங்கும் நாள்

முதல் நாள் இரவு சாராயம், கள் எதுவும் வேண்டாம். காலையில் இடியப்பமும் சொதியும் அளவாகச் சாப்பிட்டு, தண்ணீர் நிறையக் குடியுங்கள். தடிமன் பிடித்திருந்தால் அன்றைக்கு இறக்கம் இல்லை. மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போது மருந்து வேலை முடிந்து, மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும்.

படகு குன்றுக்கு மேலே வந்ததும், உபகரணத்தைப் போடுவதற்கு முன்னமே நீரோட்டத்தைப் பாருங்கள். படகோட்டியிடம் கேட்பதுதான் நல்ல வழி.

“அண்ணை, நீர் எங்காலை இழுக்குது?”

“வாடையாலை வருது தம்பி. சோளகப் பக்கமா நிண்டு பாருங்கோ, அங்கை இழுவை இல்லை.”

வடக்கிலிருந்து நீர் வருகிறது, குன்றின் தெற்குப் பக்கம் மறைவு என்பதுதான் அவர் சொன்னது. நங்கூரக் கயிறு கம்பிபோல விறைத்து நின்று, அதன் ஓரத்தில் தண்ணீர் சுழித்துப் போனால் அன்றைக்குப் புதியவருக்கு இறக்கம் இல்லை. காசு கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்ற எண்ணமே பலரைத் தவறான நாளில் இறக்குகிறது. பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய நாள்களில் இழுவை கூடலாம், நாள் குறிக்கும்போதே அதைக் கவனியுங்கள்.

துணைவரோடு ஒருவர் உபகரணத்தை மற்றவர் பார்க்க வேண்டும். காற்று திறந்திருக்கிறதா, மிதவைச் சட்டை ஊதுகிறதா, ஈயப்பட்டி ஒரு கையால் கழருமா, இரண்டாவது ரெகுலேற்றர் எங்கே தொங்குகிறது. சைகைகளையும் ஒருக்கா மீட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலை உயர்த்தினால் ‘நல்லது’ என்று அர்த்தம் அல்ல, ‘மேலே போவோம்’ என்று அர்த்தம். நல்லது என்பதற்குச் சுட்டுவிரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்க்க வேண்டும்.

இனி இறக்கம். கயிற்றைப் பிடித்துக் கால் கீழே, தலை மேலே என்றபடி இறங்குங்கள். காது வலிக்கும்வரை காத்திருக்கக்கூடாது. தலை தண்ணீருக்குள் போன உடனே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதுங்கள், காதுக்குள் சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கும். அதன் பிறகு ஒரு முழத்துக்கு ஒரு தரம். முதல் 5 மீற்றரில்தான் காதுக்குள் இருக்கும் காற்று மிக வேகமாகச் சுருங்குகிறது, சிரமமும் அங்கேதான். ‘டிக்’ கேட்கவில்லையா, நில்லுங்கள். கயிற்றில் ஒரு மீற்றர் மேலே ஏறி, தாடையை ஆட்டி, எச்சில் விழுங்கி, திரும்ப முயலுங்கள். வலியோடு ஓர் அடிகூட இறங்காதீர்கள், செவிப்பறை போய்விடும். துணைவர் கீழே காத்திருக்கிறாரே என்று அவசரப்படவும் வேண்டாம். காத்திருப்பதுதான் அவருடைய வேலை.

குன்றின் தலை தெரியத் தொடங்கியதும் ஒரு கணம் அசையாமல் நின்று, அங்கே நிற்கும் சின்ன மீன்களைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில், ஒன்றும் தப்பாமல் ஒரே பக்கம் முகம் வைத்து நிற்கும். அவை பார்க்கிற திசையிலிருந்துதான் நீர் வருகிறது. மிதந்து வரும் நுண்ணுயிர்களைப் பிடிக்க அப்படி நிற்கின்றன. படகோட்டி சொன்னதும் மீன் சொல்வதும் ஒன்றா என்று சரிபாருங்கள். மேலே ஒரு திசையும் கீழே வேறு திசையுமாக நீர் ஓடுவதுண்டு, அப்போது மீன் சொல்வதை எடுங்கள்.

குன்றைச் சுற்றும் முறை மலையேறுவதற்கு நேர்மாறானது. முதலில் நீங்கள் திட்டமிட்ட மிக ஆழமான இடத்துக்குப் போய்விடுங்கள். சான்றிதழ் 18 என்றால், குன்றின் அடி 25 மீற்றரில் இருந்தாலும் உங்கள் எல்லை 18தான். அங்கிருந்து குன்றைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிது மேலே வாருங்கள். உடம்பில் கரைந்த நைதரசன் மெல்ல வெளியேற இந்த ஒழுங்கு உதவுகிறது. கடைசி நிமிடங்கள் வெளிச்சமும் நிறமும் நிறைந்த உச்சியில் கழியும். ஆழத்தில் சிவப்பு முதலில் மறைந்துவிடும், எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தெரியும். ஒரு சின்ன ரோர்ச் லைற்றை அடித்தால், சாம்பல் என்று நினைத்த பாறை செம்மஞ்சளாகவும் ஊதாவாகவும் எழும்பும். ஆழத்தில் எனக்கு இன்னும் அலுக்காத காட்சி அதுதான்.

மீன் கூட்டம் அதிகம் நிற்பது நீர் வந்து மோதும் பக்கத்தில். பாரைகள் அங்கேதான் வேட்டையாடும். இழுவை மெல்லியதாக இருந்தால் அந்த விளிம்புவரை போய்ப் பார்க்கலாம். பலமாக இருந்தால் மறைவுப் பக்கமே நில்லுங்கள், எதிர்த்து நீந்தினால் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கிக் காற்று தீர்ந்துவிடும். ஓர் எச்சரிக்கை: குன்றின் மேல் வழிந்து விழும் நீர் சிலவேளை கீழ்நோக்கி இழுக்கும். நீங்கள் விட்ட குமிழி மேலே போகாமல் கீழே போனால் அதுதான் அடையாளம். பதறாமல் பாறையை விட்டுப் பக்கவாட்டில் திறந்த நீருக்கு நீந்துங்கள், இழுவை விட்டுவிடும்.

பாறை இடுக்குகளுக்குள் கையை விடாதீர்கள். அஞ்சாளை அங்கேதான் வாயைத் திறந்து திறந்து மூடியபடி இருக்கும். அது கோபம் அல்ல, அப்படித்தான் மூச்சு விடுகிறது, ஆனால் கையை உள்ளே விட்டால் கடிக்கும். கல்மீனும் முதுகில் நஞ்சு முள்ளோடு பாறைபோலவே கிடக்கும். கிளிமீன் முருகைக்கல்லைக் கடிக்கும் சத்தம் காதுக்குத் தெளிவாகக் கேட்கும். சற்று நேரம் பின்னால் போனால், அரைத்த கல்லை வெள்ளை மணலாகக் கழித்துவிட்டுப் போவதையும் காணலாம்.

குன்றில் சிக்கிய பழைய வலை உண்மையான ஆபத்து. தங்கூசி வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. சிலிண்டரின் தலையில் மாட்டினால் திரும்பிச் சுழலாதீர்கள், சுழலச் சுழல இறுகும். நின்று, துணைவரைக் கூப்பிட்டு, அவரை வெட்டச் சொல்லுங்கள். சிறு கத்தி ஒன்று இருவரிடமும் இருக்க வேண்டும்.

காற்றுக் கணக்கு

சாதாரண அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 11 லீற்றர். 200 பாருக்கு நிரப்பினால் 2200 லீற்றர் காற்று. அதில் 50 பார், அதாவது 550 லீற்றர், தொடக்கூடாத மிச்சம். பாவிக்கக் கிடைப்பது 1650. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர் 10 மீற்றரில் 40, 20 மீற்றரில் 60 லீற்றர் இழுப்பார். 10 மீற்றரில் 41 நிமிடம் வரும் காற்று 20 மீற்றரில் 27 நிமிடம்தான் வரும். பதற்றத்தில் இழுத்தால் அதுவும் இல்லை. ஆகவே சில நிமிடத்துக்கு ஒரு தரம் சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். 100 பாரில் துணைவருக்குக் காட்டுங்கள், அப்போது உச்சியை நோக்கிய சுற்றில் இருக்க வேண்டும்.

மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீற்றருக்குள் இருக்கட்டும். 5 மீற்றரில் கயிற்றைப் பிடித்து 3 நிமிடம் நில்லுங்கள். தண்ணீருக்குள் ஒலி வேகமாக ஓடுவதால் படகின் இயந்திரச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் அறிய முடியாது. மேலே மீன்பிடிப் படகுகள் ஓடும் கடல் இது. கயிற்றை விட்டு வேறிடத்தில் மேலே வர நேர்ந்தால், செம்மஞ்சள் அடையாள மிதவையை முதலில் ஊதி மேலே அனுப்பிவிட்டு, கையை உயர்த்திச் சுற்றிப் பார்த்தபடி வாருங்கள்.

மேலே வந்த பிறகு

உபகரணத்தை நன்னீரில் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், நிழலில் இருங்கள். உடம்பில் நைதரசன் இன்னும் மிஞ்சியிருக்கும். ஆகவே ஒரே ஓர் இறக்கம் என்றால் 12 மணித்தியாலம், பல இறக்கம் என்றால் 18 மணித்தியாலம் விமானம் ஏறக்கூடாது. பலாலியில் சென்னை விமானம் பிடிக்க இருப்பவர்கள் கடைசி நாளைக் கரையிலேயே கழியுங்கள். ஏ9 வழியாக யாழ்ப்பாணம் திரும்புவதில் பிரச்சினை இல்லை, தரை தாழ்வானது. ஆனால் திருகோணமலையிலிருந்து நேரே நுவரெலியாவுக்குச் சுற்றுலாப் போக நினைப்பவர்கள் கவனியுங்கள். அது கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். உடம்புக்கு அது விமானம் ஏறுவதைப் போன்றதே.

மூட்டு வலி, தோலில் ஊறல், கை கால் விறைப்பு, தலைச்சுற்று, காரணமில்லாத களைப்பு இவற்றில் ஒன்று அன்றோ மறுநாளோ வந்தால், வெயில் பட்டது என்றோ சிலிண்டர் தூக்கியது என்றோ சமாதானம் சொல்லாதீர்கள். கரைந்த நைதரசன் உடம்புக்குள் குமிழியாவதால் வரும் நோய் இது. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்கும் தொழிலாளர்களை முடமாக்குவதும் இதே நோய்தான். உடனே ஒட்சிசன் கொடுத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டு, சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கியவர் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். தேவை அழுத்த அறைச் சிகிச்சை, அந்த வசதி திருகோணமலையில் கடற்படையிடம் இருக்கிறது. வலிமாத்திரை போட்டு மறைக்க வேண்டாம். கையில் கட்டியிருக்கும் டைவ் கொம்பியூட்டரையும் கூடவே கொண்டு போங்கள். எத்தனை மீற்றரில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று வைத்தியர் கேட்டால், அதிலேயே காட்டலாம்.